பாடசாலையில் பேச்சுச் சுதந்திரமும் கல்விச் சட்டமும்: மட்டக்களப்பு, அம்பாறை அதிபர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் நான் பிரதி அதிபராக இருந்த காலத்தில், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சுவர்ப் பத்திரிகையில் ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தாள். மாணவிகளின் மலசலகூடத்துக்கு மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லை என்பதும், பெரியவர்கள் யாரும் வருகிற நாளில் மட்டும் பவுசரில் தண்ணீர் வருகிறது என்பதும் அதன் சாரம். மறுநாள் மேற்பார்வைக் குழு வரவிருந்ததால் அந்தத் தாளைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றியவன் நான்தான். மாணவி தாயுடன் அழைக்கப்பட்டு, பாடசாலையின் பெயரைக் கெடுத்தாள் என்று கடியப்பட்டாள். "சேர், நான் எழுதினதில எது பொய்?" என்று அவள் கேட்டதற்கு அந்த அறையில் இருந்த எவரும் பதில் சொல்லவில்லை. அதைவிட எனக்கு இன்று பெரிதாகத் தெரிவது வேறொன்று. எந்தச் சட்டத்தின்படி அந்தத் தாளைக் கழற்றுகிறோம் என்று எங்களில் ஒருவரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் அம்பாறை மாவட்டத்தின் ஏழு வலயங்களிலும் பணியாற்றும் அதிபர்கள், பிரதி அதிபர்கள், பகுதித் தலைவர்கள், ஒழுக்காற்றுக் குழு உறுப்பினர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது. ஆனால் பெரும்பாலான விடயங்கள் வழக்காக மாறுவது, காலை எட்டு மணிக்கு அதிபரின் அறையில் ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கப்படும் ஒரு முடிவினால்தான். அந்த ஐந்து நிமிடத்துக்கு உதவுவதே இதன் நோக்கம்.

படி 1: உங்கள் கையொப்பம் யாருடைய கையொப்பம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

தேசிய பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழும், மாகாணப் பாடசாலை கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் இயங்குகின்றன. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987 இன் 13 ஆவது திருத்தம் ஏற்படுத்திய இந்தப் பிரிவு யாருக்கு அறிக்கை அனுப்புவது என்பதை மாற்றுமே தவிர, மாணவரின் உரிமையை மாற்றாது. எங்கள் பகுதியில் மெதடிஸ்த, கத்தோலிக்க, இராமகிருஷ்ண மிசன் நிருவாகங்களின் கீழ் இருந்த பாடசாலைகள் பலவும் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றினூடாக அரசின் கைக்கு வந்தவை. அவற்றின் வாயிலில் பழைய பெயர் நின்றாலும், உள்ளே அமர்ந்திருக்கும் அதிபர் அரச உத்தியோகத்தரே.

இது ஏன் முக்கியம் என்றால், அரசியலமைப்பின் 17 ஆம், 126 ஆம் உறுப்புரைகள் நிறைவேற்றுத்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்படும்போது, நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தை நாட வழி தருகின்றன. அரச பாடசாலை அதிபர் ஒருவர் மாணவரை வகுப்பிலிருந்து விலக்குவது அத்தகைய நிருவாகச் செயல். மனுவில் எதிர்மனுதாரராக அமைச்சின் செயலாளரோடு அதிபரின் பெயரும் வரும். கம்பனியாகப் பதிவு செய்யப்பட்ட சர்வதேசப் பாடசாலைகளின் நிலை வேறு. அவை இந்த வழிகாட்டிக்குள் அடங்கா.

படி 2: சட்டங்களின் ஏணியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

மேலே அரசியலமைப்பு. அதற்குக் கீழே பாராளுமன்றச் சட்டங்களும் பழைய கட்டளைச் சட்டங்களும். கல்வித்துறைக்கு இன்றும் அடிப்படையாக நிற்பது 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதற்குக் கீழே வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகள்; கட்டாயக் கல்வி வயதெல்லையை 2016 இல் 5 முதல் 16 வரை என விரித்தது அத்தகைய ஒழுங்குவிதியே. அதற்கும் கீழே, அரச உத்தியோகத்தரின் சேவை விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையும் அமைச்சின் சுற்றுநிருபங்களும். கடைசிப் படியில், நாம் காலைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும் பாடசாலை விதிகள்.

நடைமுறையில் நாம் இந்த ஏணியைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். கையில் இருப்பது சுற்றுநிருபம். கண்ணில் படாதது அரசியலமைப்பு. சுற்றுநிருபம் அதிபரைத் திணைக்களத்துக்குக் கட்டுப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசியலமைப்பு ஒரு பிள்ளைக்குத் தந்த உரிமையைச் சுற்றுநிருபத்தாலோ பாடசாலை விதியாலோ பறித்துவிட முடியாது.

படி 3: 14 ஆம் உறுப்புரையையும் 15 ஆம் உறுப்புரையையும் சேர்த்து வாசியுங்கள்

14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும், வெளியிடுவது உட்பட்ட கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. அங்கே வயது குறிப்பிடப்படவில்லை. தரம் 6 மாணவனும் பிரசைதான். இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளையின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்கிறது. 13 ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்து வெளிப்பாட்டை வெளிப்படையாகவே ஏற்கிறது. 28 ஆம் உறுப்புரை பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது.

இந்த உரிமை எல்லையற்றது அன்று. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகியவற்றுக்காக 15(2) உறுப்புரையின் கீழும், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமைக்கு மதிப்பு முதலியவற்றுக்காக 15(7) உறுப்புரையின் கீழும் அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். "சட்டம்" என்ற சொல்லுக்கு 170 ஆம் உறுப்புரை தரும் பொருளில் பாராளுமன்றச் சட்டங்களும் முன்னைய சட்டவாக்க சபைகளின் சட்டங்களும் அடங்கும். அதிபரின் அறிவித்தற் பலகை அடங்காது. மேலும், 10 ஆம் உறுப்புரையிலுள்ள சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் 15 ஆம் உறுப்புரையின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாதது. "பாடசாலையின் நற்பெயர்" என்ற காரணத்தைத் தேடி இந்த உறுப்புரைகளை எத்தனை முறை வாசித்தாலும் அது கிடைக்காது.

பேச்சு என்பது எது என்பதிலும் உயர் நீதிமன்றம் பரந்த பார்வையையே கொண்டிருக்கிறது. 1992 இல் அரசாங்கத்தின் மீதான அதிருப்தியைக் காட்ட நண்பகலில் மணியடித்தும் மேளம் கொட்டியும் ஒலியெழுப்பிய "ஜன கோஷா" போராட்டத்தைப் பொலிசார் தடுத்தபோது, 1993 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், சொல்லில்லாத அந்த ஒலியும் பேச்சே என ஏற்றது. கல்வியோடு இன்னும் நெருங்கிய தீர்ப்பு ஒன்று 1996 இல் வந்தது. வானொலியில் நடந்துகொண்டிருந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி 1995 இல் திடீரென நிறுத்தப்பட்டது; அதில் பங்குகொண்டிருந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார்; பங்குகொள்ளும் நேயருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு, தக்க காரணமின்றி அதை நிறுத்தியது மீறல் என்று நீதிமன்றம் கண்டது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் அந்தத் தீர்ப்பை மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பான ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆகவே ஒரு பேச்சை, எழுத்தை, பதாகையைத் தடுக்க நினைக்கும் நிமிடத்தில் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள். எந்தச் சட்டம் எனக்கு இதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது? 15 ஆம் உறுப்புரையில் சொல்லப்பட்ட எந்தக் காரணம் இங்கே உண்மையில் இருக்கிறது? அந்தக் காரணம் இருந்தாலும், நான் செய்யப்போவது தேவைக்கு மிஞ்சியதா? முதற் கேள்விக்கே பதில் இல்லையென்றால் கையைத் தாளிலிருந்து எடுத்துவிடலாம்.

படி 4: மாணவர் பேச்சை வகைப்படுத்துங்கள்

முதல் வகை, குறை கூறும் பேச்சு. கணித ஆசிரியர் இல்லை, மலசலகூடம் பூட்டியிருக்கிறது, விளையாட்டுப் போட்டிக்குப் பணம் கேட்கிறார்கள் என்பன போன்றவை. இவை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை என்றே கொள்ளுங்கள். தகவல் தவறாக இருந்தால் அதே சுவர்ப் பத்திரிகையில் அதே அளவு இடத்தில் சரியான தகவலை எழுதி ஒட்டலாம். மாணவர் பாராளுமன்றம் இயங்கும் பாடசாலைகளில் அக்குறையை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியலாம். அந்தப் பாராளுமன்றத்தை விருந்தினர் வருகையின்போது மேடையேற்றும் காட்சியாக மட்டும் வைத்திருந்தால், பிள்ளைகள் சுவரைத் தேடுவது இயல்பு.

இரண்டாம் வகை, வீட்டிலோ பாடசாலையிலோ தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பிள்ளை சொல்வது. ஓர் ஆசிரியர்மீது முறைப்பாடு சொல்லும் பிள்ளையிடம், "இதை வெளியே சொல்லாதே" என்று சொல்வது பேச்சுரிமையைத் தடுப்பதோடு முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலாகவும் கொள்ளப்படக் கூடும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அதிபரின் அறைக்குள் தொங்கவிட்டால் பிள்ளை அதை எப்படிப் பார்க்கும்?

மூன்றாம் வகையில் உண்மையான ஆபத்து இருக்கிறது: ஓர் இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவர்கள்மீது வெறுப்பையும் வன்முறையையும் தூண்டும் பேச்சு. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் ஊரும் ஒரு வாய்க்காலால் மட்டும் பிரிந்திருக்கும் எங்கள் கரையோரத்தில் இதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டது என்ற பொய் வதந்தி பள்ளிவாசல்மீதும் கடைகள்மீதும் தாக்குதலாக முடிந்தது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமான குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுமளவுக்கு இன, மத வெறுப்பைப் பரிந்துரைப்பதைக் குற்றமாக்குகிறது. இங்கே அதிபர் தலையிடத்தான் வேண்டும்; உடனே தலையிட வேண்டும். ஆனால் மாற்று மதத்தைப் பற்றிய ஒரு கேள்வியையோ தன் ஊரின் காணிப் பிரச்சினை பற்றிய ஒரு கவிதையையோ இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அடக்குவது பெருந்தவறு. அச்சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரைப் பொலிசிடம் கொடுக்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

மௌனமும் உடையும் தனியே கவனிக்கத்தக்கவை. 1985 இல் கேரளத்தில், தம் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையுடன் எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்து அவர்களை மீண்டும் சேர்க்கக் கட்டளையிட்டது. அது எம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. எனினும் எங்கள் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையை வைத்துப் பார்த்தால், அமைதியாக நிற்கும் பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே இழுப்பதற்கு நியாயம் காண்பது கடினம். உடை விடயத்தில் கிழக்கு மாகாணத்தின் அனுபவம் கண் முன்னே இருக்கிறது. 2018 இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா தொடர்பில் எழுந்த முரண்பாடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் சென்றது. அவர்களின் பண்பாட்டு உடையை அனுமதிக்குமாறு ஆணைக்குழு பரிந்துரைத்தது. இரு சமூகத்தவரும் கற்பிக்கும் கல்முனை, சம்மாந்துறை, மட்டக்களப்பு மத்தி வலயங்களின் அதிபர்கள், ஊரின் உணர்ச்சியை அளந்து முடிவெடுக்காமல், உறுப்புரைகள் 10 (மனச்சாட்சி, மதச் சுதந்திரம்), 12(2) (பாரபட்சமின்மை), 14(1)(உ) (மதத்தை வெளிப்படுத்தும் சுதந்திரம்) ஆகியவற்றை முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதே பாதுகாப்பானது.

படி 5: தண்டனைக்கு முன் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள்

பேச்சுக்காக அல்லாமல், உண்மையான ஒழுக்க மீறலுக்காகவே நடவடிக்கை எடுக்க வேண்டிய நாளும் வரும். அப்போது பாடசாலை ஒழுக்கம் பற்றிய, கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். உடல்ரீதியான தண்டனைக்கு அதில் இடமில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு சிறுவர்களுக்கு இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. மாணவனைப் பிரதி அதிபரும் ஆசிரியர்களும் தாக்கிய வழக்கொன்றில், சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிரான 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 1995 இலேயே கண்டது. 2021 பெப்ரவரி 12 ஆம் திகதி வந்த தீர்ப்பில், ஆசிரியர் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட மாணவனுக்கு ஆசிரியர் தன் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் செலுத்தக் கட்டளையிடப்பட்டது. "ஒரு அடிதானே" என்று சொல்லும் சக ஆசிரியரிடம் இந்த இரு தொகைகளையும் சொல்லுங்கள்.

வகுப்புத்தடை விதிக்க நினைக்கும்போது, குற்றச்சாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் குற்றச்சாட்டு இல்லை என்பது பொருள். பின் மாணவரிடம் தாய் அல்லது தந்தை முன்னிலையில் அதை வாசித்துக் காட்டி, அவர் பக்கத்தைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே பதியுங்கள். முறைப்பாடு செய்த ஆசிரியர் தீர்ப்பளிக்கும் குழுவில் இருக்கக் கூடாது. சிறிய பாடசாலைகளில் இது கடினம்தான், அப்படியானால் கோட்டக் கல்விப் பணிப்பாளரின் உதவியைக் கேளுங்கள். எந்த முடிவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். "பிள்ளையின் நன்மைக்காக" என்று சொல்லி விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துப் பெற்றோரைக் கையொப்பமிட வைப்பது எங்கள் பகுதியில் பரவலாக நடக்கிறது. அது விலகல் அன்று, வெளியேற்றம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிக்கும் முரணானது.

படி 6: கைப்பேசியும் முகநூலும்

மாணவர் ஒருவர் மாலையில் வீட்டிலிருந்து முகநூலில் எழுதியது காலையில் ஒரு திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷொட்) அதிபரின் வட்சப்புக்கு வந்து சேர்கிறது. முதலில் கேட்க வேண்டியது, இது பாடசாலைக்குள் நடந்ததா என்பதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969 இல், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டி அணிந்துவந்த மாணவர்களின் வழக்கில், கற்றல் நடவடிக்கைக்குக் கணிசமான குழப்பம் ஏற்படுமென்று காட்ட முடியாதவிடத்து பாடசாலை அவர்களைத் தடுக்க முடியாது என்றது. 2021 இல், வார இறுதியில் பாடசாலைக்கு வெளியே மாணவி ஒருத்தி சமூக ஊடகத்தில் கோபமாக எழுதியதற்காக அவளைத் தண்டித்தது தவறு என்றது. அவை அந்நாட்டுச் சட்டத்தின் மீதான தீர்ப்புகள், இங்கே செல்லுபடியாகா. ஆனால் "கற்பித்தல் குழம்பியதா, அல்லது நான் புண்பட்டேனா?" என்று தன்னையே கேட்கும் பழக்கத்தை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சக மாணவியின் படத்தை மாற்றிப் பரப்புவது, மிரட்டுவது, இழிவுபடுத்துவது ஆகியவை வேறு. அங்கே பிறர் உரிமை பாதிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாதுகாக்க அதிபர் கடமைப்பட்டவர். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மாணவரின் கைப்பேசியைப் பறித்து, கடவுச்சொல்லைக் கேட்டு, உள்ளே இருக்கும் செய்திகளை ஆசிரியர் அறையில் கூட்டமாக வாசிப்பதற்கு எந்தச் சட்டமும் அதிபருக்கு அதிகாரம் தரவில்லை. கைப்பேசியைப் பெற்றோரிடம் ஒப்படையுங்கள். குற்றம் நடந்திருப்பதாகத் தோன்றினால் அதைத் திறந்து பார்க்க வேண்டியது பொலிசாரின் வேலை.

படி 7: ஆசிரியர்களின் பேச்சு வேறு அளவுகோலில் அளக்கப்படுகிறது

ஆசிரியரும் பிரசைதான், ஆனால் அரச உத்தியோகத்தராகச் சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டவர். தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 47 ஆம் அத்தியாயம் ஊடகங்களுக்கும் பொதுமக்களுக்கும் தகவல் வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. முதலாம் தொகுதியின் 32 ஆம் அத்தியாயம் அரசியல் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. 47 ஆம் அத்தியாயத்தின் விதிகள் சமூக ஊடகங்களுக்கும் பொருந்தும் என்று பொது நிருவாக அமைச்சு 2022 செப்டெம்பரில் சுற்றுநிருபம் வெளியிட்டது.

இக்கட்டுப்பாடுகளை அதிபர்கள் சில வேளைகளில் மிகையாக விரிக்கிறார்கள். திணைக்களத்தின் உள் ஆவணத்தை முகநூலில் இடுவதும், சம்பள முரண்பாட்டைப் பற்றித் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுவதும் ஒன்றல்ல. தொழிற்சங்கம் அமைத்துச் சேரும் உரிமை 14(1)(ஈ) உறுப்புரையில் தனியாகவே இருக்கிறது. 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகிப் பல வாரம் போராடியதை நாடே கண்டது. அந்த அதிபர்களில் பலர் இன்று, தம் பாடசாலையில் தொழிற்சங்கச் சுவரொட்டி ஒன்றைக் காணும்போது முகம் சுளிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இன்னொன்று: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரைத் தண்டிக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 40 ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் ஆசிரியர்மீது நடவடிக்கை தேவையென்று தோன்றினாலும் விளக்கம் கோரி எழுத்தில் அறிக்கையிடுவது மட்டுமே அதிபரின் வேலை. ஒழுக்காற்று அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது.

படி 8: வாயிற்கதவில் பெற்றோர்

வாகரையிலிருந்து திருக்கோவில் வரை ஒவ்வொரு வருடமும் நாம் காணும் காட்சி இது: ஆசிரியர் பற்றாக்குறையை நிவர்த்தி செய்யக் கோரி, அல்லது ஓர் ஆசிரியரின் இடமாற்றத்தை எதிர்த்து, பெற்றோர் வாயிற்கதவைப் பூட்டிச் சுலோக அட்டைகளோடு கவனயீர்ப்புப் போராட்டம் நடத்துகிறார்கள். வீதியோரத்தில் நின்று கோசமிடுவது அவர்களின் உரிமை. கதவைப் பூட்டி, வந்த பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுப்பது அந்த உரிமைக்குள் அடங்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள். முதலாவதை ஏற்றுக்கொண்டு, இரண்டாவதை மட்டும் விடச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கண்டித்தால் பூட்டு அடுத்த நாளும் தொங்கும். போராட்டத்தில் முன்வரிசையில் நிறுத்தப்படும் சிறு பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: தாமாக வந்து பேசும் உயர்தர மாணவரின் குரல் அவருடையது, வாசிக்கவே தெரியாத அட்டையை ஏந்தி வெயிலில் நிற்கும் தரம் 2 பிள்ளையின் கையில் இருப்பது பெரியவரின் குரல். முன்னவரைத் தண்டிக்காதீர்கள். பின்னவரை நிழலுக்கு அழைத்து வாருங்கள். மறுநாள் போராட்டத்தில் நின்றவர்களின் பிள்ளைகளைப் பட்டியலிட்டு வகுப்பில் குத்திக்காட்டும் வழக்கம் முற்றாக ஒழிய வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைக் கேட்கும் பெற்றோர் பலர் இப்போது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். காரணம் கேட்காமல் விண்ணப்பத்தைப் பெற்று, பெற்றதற்கான எழுத்தைக் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செல்லும். பிள்ளைகளின் தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாத்து, கணக்கை முழுமையாகக் கொடுப்பதே எளிய வழி.

படி 9: முறைப்பாடு வந்தபின்

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 126(2) உறுப்புரை சொல்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யப்பட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு கூறுகிறது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருப்பதால், கொழும்புக்குப் போக வசதியற்ற பெற்றோரும் பஸ் ஏறி ஒரு நாளில் முறைப்பாடு செய்து திரும்பலாம். அவர்களைத் தடுக்கவோ, முறைப்பாட்டை மீளப்பெறும்படி கிராமத் தலைவர்களை அனுப்பவோ வேண்டாம். அது முதலாவது தவறின்மேல் இரண்டாவது தவறைச் சேர்க்கும்.

ஆணைக்குழு அறிக்கை கேட்கும்போது அதிபருக்குத் துணையாக நிற்பது பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்றே. பின்னாளில் நினைவிலிருந்து எழுதப்படும் விளக்கத்துக்கு, அன்றே எழுதப்பட்ட நான்கு வரியின் பெறுமதி இராது. சுவர்ப் பத்திரிகை விடயத்தில் நாங்கள் அன்று எழுதியிருக்க வேண்டிய பதிவு இப்படி இருந்திருக்கும்:

"இன்று காலை 7.45 மணிக்கு, மாணவிகளின் மலசலகூடத்தில் தண்ணீர் இன்மை பற்றித் தரம் 12 மாணவி எழுதிய கட்டுரையைச் சுவர்ப் பத்திரிகையில் பார்த்தேன். நேரில் சென்று பரிசோதித்தேன். தண்ணீர் இல்லை, கட்டுரையில் சொல்லப்பட்டது உண்மை. கட்டுரையை அகற்றுவதற்குச் சட்டக் காரணம் எதுவும் இல்லாததால் அது அதே இடத்தில் இருக்கும். பிரதேச சபைக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் இன்றே கடிதம் அனுப்பப்பட்டது, பிரதிகள் கோவையில். எடுத்த நடவடிக்கையை மாணவியிடம் இடைவேளையில் தெரிவித்தேன். நாளை வரும் மேற்பார்வைக் குழுவுக்கும் இக்கட்டுரையைக் காட்டுவேன்."